இரண்டாவது பர்

மதியம் 2.10.

நம்புகிறவர்கள் நம்பலாம். ஒதியம்பட்டில், பட்டப்பகலில் நடந்தது இது. எத்தனை பேர் கேட்டாலும் வெண்ணிலா இதை ஒரே மாதிரிதான் சொல்கிறாள். ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

அவள் கணவன் புகழ்வேந்தன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பைக் இன்ஜின் ஹெட்டுகளைக் குடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அலுமினிய ஹெட்டில் காற்று நுழையும் துளையை அகலமாக்கி, மேடு பள்ளம் தெரியாமல் இழைக்கும் வேலை. கையில் காற்றில் ஓடும் கிரைண்டர். அதன் முனையில் விரல்நுனி அளவில் கார்பைடு பர், சுழன்று உலோகத்தைக் குடையும் பல் வைத்த முனை. இரும்புக்கான பர்ரில் பல் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கி இருக்கும். அலுமினியத்துக்கு ஒரே பக்கம் சாய்ந்த அகலப் பல் வேண்டும். மாற்றிப் போட்டால் அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும். பர் உதறும். தண்டு நீளமாக இருந்தால் வளையும். வளைந்தால்...

போன வருடம் பர் வாங்கி வந்தவள் வெண்ணிலா. புதுச்சேரியில் ஒரு கடை. நெருக்கமான பல் என்றால் நைசாக இழைக்கும் என்று அவளே பார்த்துப் பொறுக்கினாள். நீளத் தண்டு. இரண்டு.

புகழ் ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி, வை" என்றான்.

மறுநாள் மதியம் 2.10க்குத் தண்டு முறிந்து அவன் கழுத்தில் பாய்ந்தது. ஆட்டோ அரியூர் தாண்டும்போது அவள் மடியில் உடம்பு மட்டும் இருந்தது.

அது இரும்பு பர் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அந்த "சரி, வை" கோபமா, சலிப்பா, வேறு ஏதாவதா? இந்தக் கேள்வியோடுதான் படுத்தாள், எழுந்தாள். மாமியார் தையலம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "அத்த வாங்கினு வந்தது யாரு?" வெண்ணிலா சொன்னாள். அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

வருடம் திரும்பியதும் கலைச்செல்வன் வந்தான். அன்று புகழ் பாதியில் விட்ட ஹெட் அவனுடையது.

"அக்கா, ஹெட்ட அப்படியே குடுத்துடு. வேற எங்கனா பாத்துக்கிறேன்."

"ஒரு ஓட்டதான் பாக்கி. நானே முடிச்சித் தரேன்."

"நீயா? உனுக்கு இன்னாக்கா தெரியும்?"

"பத்து வருசம் பக்கத்துல நின்னுகினு இருந்தேன், சும்மாவா?"

மறுநாள் மதியம் 1.50. கொட்டகையைத் திறந்தாள். கம்ப்ரெசரைப் போட்டாள். டப்பாவிலிருந்து அந்த இரண்டாவது பர்ரை எடுத்தாள். இப்போது அவளுக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தே எடுத்தாள். முகத்துக்குக் காப்புக் கண்ணாடி போடவில்லை. கதவை உள்ளே தாழிட்டாள்.

1.58. பர்ரை மாட்டி இரண்டு ஸ்பானரால் இறுக்கினாள். ஹெட்டை எடுக்கத் திரும்பினாள். டிக்... பர் மேசையில் கிடந்தது. கழற்றி வைத்த மாதிரி, நேராக.

மறுபடி மாட்டினாள். கை வலிக்க இறுக்கினாள்.

2.04. விசையை அழுத்தினாள். காற்று வரவில்லை. கம்ப்ரெசர் நிறைந்திருந்தது. வால்வு மூடியிருந்தது. அவள் மூடவில்லை.

திறந்தாள்.

2.08. மெழுகு வாசனை.

பல்லில் அலுமினியம் அப்பாமல் இருக்க, ஓட்டுமுன் பர்ரில் மெழுகு தேய்ப்பது புகழின் பழக்கம். கொட்டகையில் மெழுகுவத்தி இல்லை. எல்லாவற்றையும் போன வருடமே எறிந்தாயிற்று.

வாசனை நெருங்கியது...

இடது தோள் பக்கம்.

2.10. கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

ர்ர்ர்ர்...

மெதுவான சத்தம். வேகம் குறைத்து வைத்தது யார்?

உதறல் இல்லை. கை தானாகத் திரும்பியது. அலுமினியம் ஊசி ஊசியாகக் கைமேல் உதிர்ந்தது.

அவள் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

பார்த்தால் போய்விடுமோ...

நாலு நிமிடம்.

சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தாள். துளை வழவழப்பாக இருந்தது. கிரைண்டர் முனையில் வேறு பர். ஒரே பக்கம் சாய்ந்த அகலப் பல். புதுசு. தண்டில் மெழுகு. மெழுகில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே வெட்டுத் தழும்பு.

அந்த விரலுக்குக் கட்டுப் போட்டவள் அவள். கல்யாணமான வருடம்.

அவள் மாட்டிய இரும்பு பர்ரைக் கொட்டகை முழுக்கத் தேடினாள். இல்லை.

சாயங்காலம் 5.30. வில்லியனூரில் ராஜேஷின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. புகழின் சினேகிதன். பர்ரை அவன் முன் வைத்தாள்.

"இது எங்க வாங்கினது, ராஜேஷ்?"

அவன் தண்டில் இருந்த நம்பரைப் படித்தான். மறுபடி படித்தான்.

"அண்ணி... இது ஏது உங்களுக்கு?"

"நீ சொல்லு."

"அன்னிக்குக் காலைல அண்ணன் போன் பண்ணாரு. அலுமினியத்துக்கு நீளத் தண்டுல ஒண்ணு வேணும், வெண்ணிலாகிட்ட சொல்லாதன்னாரு. நாளைக்குத்தான் வரும்னேன். அவசரம்டா, இன்னிக்கு இருக்கறத வெச்சி ஓட்டிக்கிறேன்னுட்டாரு. மறுநாள் வந்துச்சி, இதே நம்பரு. யாருகிட்ட குடுக்கறது? இத்தினி நாளா உங்ககிட்ட சொல்ல வாய் வர்ல. இங்கதான் கெடக்குது, பிரிக்கக்கூட இல்ல."

கடைசி டிராயரை இழுத்தான். பிளாஸ்டிக் குழாய். 'புகழ் அண்ணன்' என்று பேனாவில் எழுதிய ஸ்டிக்கர். கம்பெனி சீல் உடையவில்லை. அவள் கண் முன்னால் பிளேடால் அறுத்துக் கையில் கொட்டினான்.

இரும்பு பர். அவள் மதியம் மாட்டியது. பல் தெரியாமல் அலுமினியம் அப்பியிருந்தது. தண்டு வளைந்து, விரிசல் விட்டு, முறியும் தறுவாயில்.

அதை அவள் ஒரு நொடிகூட ஓட்டவில்லை.

ராஜேஷ் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வெண்ணிலா அதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வெண்ணிலாகிட்ட சொல்லாதன்னாரே... கோவமா சொன்னாரா, சிரிச்சினே சொன்னாரா?"