புளி போட்டுக் கழுவிய நான்கு பைகள்

என் மகளுக்குச் செம்பு தேடும் வேலை. நிலவியல் படித்தவள். மராட்டியப் பக்கம், எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த குன்றுகளில் ஏறி இறங்கிக் கல் உடைத்து எடுப்பாள். நான் ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். செம்பு எனக்கும் பழக்கம்தான், பாத்திரமான பிறகு.

போன மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுப்பில் வந்தாள். முழங்காலில் தோல் உரிந்து கன்றிப் போயிருந்தது.

"ஒரு ஓடைச் சரிவுல சறுக்கிட்டேன் அத்தா. அங்க பாறை மக்கிப் போய்க் கெடக்கு, கால வச்சா உதிருது" என்றாள்.

கூடவே ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தாள். உள்ளே சிறிய துணிப்பைகளில் கற்கள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பார்சல் ஆபீசில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வழியில் மழையில் நனைந்திருந்ததால், "பையப் பிரிக்காம மாடியில காய வைங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு உறவுக்காரர் வீட்டுக்குப் போனாள்.

நான் பிரித்தேன். ஒரு பையின் வாயோரம் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது. கல்லை வெளியே கொட்டினால், கறுப்புக் கல்லின் சின்னச் சின்னக் குழிகளிலெல்லாம் அதே பச்சை. எங்கள் தொழிலில் அதற்குக் களிம்பு என்று பெயர். களிம்பேறிய செம்பில் வைத்த மோரைக் குடித்து வாந்தியெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைத் தொட்ட கையோடுதானே காட்டில் உட்கார்ந்து சோறு தின்கிறாள் என்று நினைத்தேன். பழைய பாத்திரம் கடைக்கு வந்தால் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன். பச்சை அதிகமாக இருந்த நான்கு பைகளை ஒரே அண்டாவில் கொட்டி, புளியும் உப்பும் போட்டு ஊறவைத்துத் தேய்த்தேன். பச்சை போய்விட்டது.

ஒவ்வொரு பைக்குள்ளும் எண் எழுதிய சீட்டு இருந்தது. நனையாமல் தனியே எடுத்து வைத்திருந்தேன். எந்தக் கல்லுக்கு எந்தச் சீட்டு என்று தெரியாமல் போனது கழுவி முடித்த பிறகுதான் உறைத்தது. குத்துமதிப்பாகப் பங்கிட்டுப் போட்டு, பைகளை முடிந்து வைத்தேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அவளாகவே அந்த ஓடையைப் பற்றிச் சொன்னாள். குழம்பு உறையும்போது அதிலிருந்த காற்றுக் குமிழிகள் குழிகளாக நின்றுவிடுமாம். வெகுகாலம் கழித்துச் சூடான தண்ணீர் செம்பைக் கரைத்துக்கொண்டு வந்து அந்தக் குழிகளில் விட்டுப் போகுமாம். கொஞ்சம் செம்பே நிறையப் பச்சை காட்டும் என்பதால் கண்ணை நம்ப முடியாது. மேலிருந்து கீழாக வரிசையாக எடுத்து, எந்தப் பக்கம் செம்பு கூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

"அந்த ஓடையில எடுத்த, பச்ச கூடுதலா இருக்கிற நாலு பைய வச்சுத்தான் பூமியில எந்த இடத்துல துளை போடணும்னு நான் எழுதிக் கொடுக்கணும். தப்பா எழுதினா அம்புட்டுப் பேரு உழைப்பும் வீணு. பொறவு என் பேச்ச எவன் கேப்பான்?"

"வரிசை மாறிட்டா?"

"திரும்ப அதே ஓடையில எறங்கணும்."

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் பேருந்தில் சாக்கு எங்கள் காலடியில் இருந்தது. நடத்துநர் அதைக் காலால் நகர்த்திப் பார்த்தார், அசையவில்லை.

"என்ன பாய், உள்ள?"

"கல்லு."

"கல்லா? நம்மூரு மலைய எம்புட்டு நாளா இப்பிடிக் கொண்டு போறீய?"

"இது வெளியூரு மலைண்ணே" என்றாள் மகள்.

"அப்பச் சரி. அந்த ஊருக்காரன் வந்து கேட்டுக்கிடட்டும்."

பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கழுவியதைச் சொன்னால் இந்த மழையில் அவள் அந்தச் சரிவுக்குப் போவாள். சொல்லாவிட்டால் பொய்யான ஒன்றின் கீழ் அவள் கையெழுத்து விழும். சொல்லாமல் இருந்தால் பிள்ளை பத்திரம் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன்.

பார்சல் ஆபீசில் சாக்கைத் தராசில் ஏற்றினார்கள். அவள் படிவத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

"செத்த நில்லும்மா. நாலு பைய நான் கழுவிட்டேன்."

பேனா நின்றது. "எதுல?"

"புளியில."

"தனித்தனியாவா?"

"ஒண்ணா."

சாக்கை இறக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் பிரித்தாள். எண்களைப் பார்த்து அந்த நான்கையும் தனியே வைத்தாள். புளி வாடை மேசை வரைக்கும் வந்தது.

"ஏம்மா, ஊறுகாயா போட்ருக்கீய?" என்றார் எழுத்தர்.

அவள் என்னைத் திட்டவில்லை. தன் நோட்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"என்ன செஞ்சீங்களோ வரிசையா எழுதுங்க அத்தா. எம்புட்டு நேரம் ஊறுச்சுன்னும் எழுதுங்க. ரெக்கார்டுல இருக்கணும்."

நின்றபடியே எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. வாசலில் அவள் மேலதிகாரியிடம் போனில் இங்கிலீஷில் பேசுவது கேட்டது. நான்கு மாதிரிகள் கெட்டுவிட்டன, பொறுப்பு என்னுடையது, திரும்ப எடுக்கிறேன், கயிறு கட்டித்தான் இறங்குவேன் என்றாள். யார் கெடுத்தது என்று சொல்லவில்லை.

வந்து நான் எழுதியதை வாசித்தாள். "கையெழுத்தும் போடுங்க."

போட்டேன்.

"போக வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். "எப்ப ரயில்?" என்று கேட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் அந்த ஓடையில் இறங்கி ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். செம்பு எந்தப் பக்கம் கூடுகிறது என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.