ஆவடிச் சங்கு

மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் சங்கு ஊதினால், இன்றும் உலை வைக்க எழுந்துவிடுகிறேன்.

அறுபதுகளில், திருநெல்வேலியிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த மறுநாள், அப்பா வேலைக்குப் போனபின் தொழிற்சாலைச் சங்கு அலறவும், குண்டு போட விமானம் வந்துவிட்டதென்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் பதுங்கினாள். கீரை விற்க வந்த கன்னியம்மா, எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும், எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, அங்க பூந்துகினு கீறே? சாப்பாட்டுச் சங்குக்கா அது. அண்ணாத்தே வந்துடுவாரு, சோறு ஆக்கிட்டியா?”

அம்மா அழுதாள், இந்த ஊரே வேண்டாம், சாயங்காலமே ரயிலேறிவிடலாம் என்றாள். கன்னியம்மா கூடையை இறக்கிவைத்து அடுப்பை மூட்டினாள். தெரு நிறைய சைக்கிள் மணிகள் கிணுகிணுக்க அப்பா வந்து சேர்ந்தபோது, சோறு வடிந்துகொண்டிருந்தது, கீரை மசிந்திருந்தது.

மறுநாள், சங்கு ஊதுமுன்பே எங்கள் வீட்டில் உலை கொதித்தது.