நாலாவது டேப்

எஜிதியோ ரவெல்லிக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் முப்பத்தோரு வருடம் பிரேக்கோடு போயிற்று. பெர்கமோவில் ஒரு பைக் பட்டறையில் தொடங்கியவர். இப்போது சின்னதொரு ஃபார்முலா அணியில் முன்சக்கர பிரேக் முழுக்க அவர் பொறுப்பு. “வண்டிய ஓட வைக்க ஊர்ப்பட்ட பேரு இருக்கான். நிறுத்த நான் ஒருத்தன்தான்” என்பார். தலைக்கனம்தான், யார் இல்லையென்றது? ஆனால் தலைக்குள்ளே சரக்கும் இருந்தது.

மோன்சாவில் நேர்சாலை முடிகிற இடத்தில், முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு மூச்சு விடுவதற்குள் எண்பதுக்கு இறங்கியாக வேண்டும். இரண்டு சிமெண்ட் மூட்டை கனத்துக்கு ஓட்டுபவன் பெடலை மிதிக்க வேண்டும். இரண்டு பக்க பிரேக்கும் ஒரே சூட்டில் இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பக்கத்திலேயே இன்னொருவன் வருவானே, அவன் கதி?

இதற்காக எஜிதியோ ஒரு பழக்கம் வைத்திருந்தார். காலைக் குளிரில் பிரேக் ஆறிவிடாமலிருக்க, அதற்குக் காற்று போகிற துளைகளில், ஒரு பக்கத்துக்கு இரண்டாக நாலு டேப் ஒட்டுவார். வெயில் ஏறினால், பந்தயம் கிளம்புமுன் பிய்த்து எடுப்பார். பிய்த்ததைக் கீழே போடமாட்டார், இடது சட்டைக் கையில் ஒட்டிக்கொள்வார். நாலு எண்ணிய பிறகுதான் வண்டியை விட்டு நகர்வார்.

அந்த ஞாயிறு, எண்ணவிடாமல் வாயைக் கிளறியவன் ஜாகோபோ. அணியின் ஓட்டுநர், இருபத்திரண்டு வயது, மோன்சாக்காரன். போன மாதம் ஆஸ்திரியாவில் பிரேக் போடும்போது குறுக்கே போய் அடுத்தவனை இடித்தான். “வண்டி தானா இழுத்துச்சு” என்று சாதித்தான். எஜிதியோ விடுவாரா? “பிரேக்ல ஒரு குறையும் இல்ல. குறை அவன் கால்லதான்” என்று நடுவர்கள் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டார். தண்டனை விழுந்தது. இன்னொரு தரம் அப்படிக் குறுக்கே போனால் ஒரு பந்தயத்துக்குத் தடை. அன்றிலிருந்து இருவரும் கீரியும் பாம்பும்தான்.

இன்று நாலாவது இடத்திலிருந்து கிளம்பப் போகிறான், அதுவும் சொந்த ஊரில். எஜிதியோ இடப்பக்கத்து இரண்டையும் பிய்த்துவிட்டு, வலப்பக்கம் மூன்றாவது டேப்பைப் பிய்க்கையில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “மாஸ்டரே, இன்னைக்காவது நேரா நிக்குமா?”

“நீ நேரா மிதி, அது நேரா நிக்கும்!”

“ஆமா, எல்லாம் என் கால்தான்!”

அதற்குள் ஆட்கள் ரோட்டை விட்டு விலக வேண்டிய ஊதல் ஒலித்தது. எல்லோரும் ஓடினார்கள், அவரும் ஓடினார். வண்டிகள் சூடேற்றும் சுற்றுக்குக் கிளம்பிப் போன பிறகு, சுவரோரம் நின்று சட்டைக் கையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினார். மூன்றேதான். 

கீழே விழுந்திருக்குமோ? காலி ரோட்டைத் துழாவிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. யாருடைய தள்ளுவண்டிச் சக்கரத்திலாவது ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். வண்டியிலேயே இருந்தாலோ? வலது பிரேக் மட்டும் கொதிக்கும், வண்டி இழுக்கும். பையனுக்கு அடிபடலாம். படாவிட்டாலும், பார்ப்பவன் கண்ணுக்கு இவன் மறுபடி வேண்டுமென்றே குறுக்கே போனதாகத்தான் தெரியும். பந்தயம் தொடங்க இருப்பது இரண்டே நிமிடம். வாயை மூடிக்கொண்டால் ஒருவேளை ஒன்றுமே ஆகாமலும் போகலாம். சே, அப்படியும் ஒரு பிழைப்பா!

அணித் தலைவி டொனடெல்லாவிடம் ஓடினார். “வண்டிய உள்ள கூப்பிடுங்க. ஒரு டேப் எடுக்காம விட்டுட்டேன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா? உள்ள வந்தா கடைசி ஆளாத்தான் கிளம்பணும். நிச்சயமா சொல்லுங்க!”

“நிச்சயமா தெரியல. அதனாலதான் கூப்பிடச் சொல்றேன்.”

அவள் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு ரேடியோவை எடுத்துச் சொன்னாள். பதிலுக்கு அதில் நெருப்பு கொட்டியது. “நாலாவது இடம்! எங்கம்மா எதிர்ல உக்காந்திருக்கா! அந்தக் கெழவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

எல்லோர் காதிலும் விழுந்தது. எஜிதியோ தலை நிமிரவில்லை.

இருந்தாலும் பையன் வந்தான், அதைச் சொல்ல வேண்டும். வண்டி நின்றதும் எஜிதியோ மண்டியிட்டு வலப்பக்கக் காற்றுத் துளைக்குள் விரலை விட்டார். இருந்தது. ஓரம் பழுத்துச் சுருண்டு, தொட்டால் சுட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். செய்தது தன் தப்பு என்பதுகூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது, அவ்வளவுதான். டேப்பைப் பிய்த்து ஜாகோபோவின் முகத்துக்கு நேரே காட்டினார். அவன் பார்த்தான். அதை வாங்கித் தன் கையுறையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினான்.

கடைசி ஆளாகப் போனவன் ஒன்பதாவதாக வந்தான். எத்தனை பேரைத் தாண்டினான், ஒவ்வொரு முறையும் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது வண்டி. ஒரு புகார் கிடையாது.

எஜிதியோ கொட்டகையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, மனைவி கட்டிக் கொடுத்த காசொன்செல்லி என்கிற கறிக் கொழுக்கட்டை டப்பாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். ஜாகோபோ வந்தான். கெழவன் என்றதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் இடது கையைப் பிடித்து, மூன்று டேப்புக்குப் பக்கத்தில் நாலாவதை ஒட்டினான்.

“எண்ணிக்குங்க மாஸ்டரே.”

எஜிதியோ நாலையும் எண்ணினார். “ஜாகோபோ, ஆஸ்திரியாவுல நான் எண்ணுனேன்டா. சத்தியமா நாலும் என் கையில இருந்துச்சு.”

“தெரியும்” என்றான் அவன், அவருடைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு. “அது என் கால்தான்.”