களைப்பில் சொன்ன வார்த்தை

நாவுலயிலிருந்து தினமும் பஸ்ஸில் மாத்தளைக்குப் போய்த் தாதிப் பயிற்சி பெறுகிறேன். எனக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள். ஒருநாள் வார்டு வேலை முடிந்து வந்து, சமைத்து, அவளைத் தூங்கவைத்த பிறகு கணவரிடம் அழுதுவிட்டேன்.

“என்னால முடியலங்க. எல்லாத்தையும் விட்டுடலாம் போல இருக்கு.”

“அழாத” என்று தலையைத் தடவினார். அன்று எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

மறுவாரம் ஆசிரியை கூப்பிட்டார். “நீங்க படிப்ப விடுறதா உங்க வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொன்னாரே?”

பதறிப்போய், கெஞ்சி, என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

வீட்டில் கணவரிடம் கேட்டதற்கு, “நீதானே சொன்ன?” என்றார், சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமலே.

இப்போதெல்லாம் பஸ்ஸிலேயே, கூடப் படிக்கும் தோழியிடம் அழுது முடித்துவிடுகிறேன். வீட்டில் கணவர் விசாரித்தால், “இன்னைக்கு நல்லா இருந்துச்சு” என்கிறேன். நான் அவரை நம்பியதுபோலவே அவரும் என்னை நம்புகிறார்.