நல்ல தண்ணீரில் அலசிய கேபிள்

கடலோரமாக நடக்கத் தொடங்கி ஐந்தாம் நாள். மரக்காணம் உப்பள வரப்பில் சோலார் தகட்டை விரித்து பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். உப்பு வாரும் அஞ்சலை தன் போனை நீட்டுகிறார். மகள் பிரசவத்துக்காகத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், போனோ அணைந்துவிட்டது. கேபிளைச் செருகுகிறேன். சார்ஜ் ஏறவில்லை. முனையில் உப்பு பூத்திருக்கிறது.

அஞ்சலை கேபிளைப் பிடுங்கி, குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் அந்த முனையை முக்கி அலசுகிறார். என்னிடம் இருப்பது இந்த ஒரே கேபிள்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க?"

"ஏன் சார் கத்துறீங்க? உப்பு பட்டா நல்ல தண்ணியில அலசணும். வரப்பு வெட்டுற மம்முட்டிய தெனம் இப்பிடித்தான் காப்பாத்துறோம்."

"இது மம்முட்டி இல்லம்மா, கரண்டு!"

"வெயில் இருக்குது இல்ல? காயட்டும்."

அரை மணி நேரம் காயவைத்துச் செருகுகிறேன். சார்ஜ் ஏறுகிறது! போன் உயிர் பெற்றதுமே மணி அடிக்கிறது. மருமகன்தான். எடுக்கப் பயந்து, போனை என் கையில் திணிக்கிறார் அஞ்சலை. எடுத்துக் காதில் வைக்கிறேன்.

"அத்தே, எங்க போயிட்டீங்க? பேத்தி பொறந்து ஒரு மணி நேரமாச்சு!"

எங்கிருந்தோ நடந்து வந்த எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே நிற்கும் அஞ்சலைக்கு இன்னும் தெரியாது.