துலுக்காணம் மேஸ்திரியின் பஸ் பள்ளிக்கூடம்

கவரைப்பேட்டைத் தச்சர் துலுக்காணத்துக்கு ஒரு பொருள் ஒரே ஒரு வேலை செய்தால் பிடிக்காது. அதைச் சோம்பேறிப் பொருள் என்பார். அவர் வீட்டில் கட்டிலை நிமிர்த்தினால் அலமாரி, அலமாரியைச் சாய்த்தால் இஸ்திரி மேசை. ஒருமுறை பொங்கலுக்கு வந்த மாமனார், மத்தியானம் படுத்துப் புரண்டதில் கட்டிலோடு சேர்ந்து மடிந்துபோனார். ஆளை வெளியே எடுப்பதற்குள் பாயசம் ஆறிவிட்டது. அதிலிருந்து மனைவி கோவிந்தம்மா எதிலும் உட்காருமுன், "இது இன்னாது, குந்தலாமா?" என்று கேட்பாள். துலுக்காணம் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டதே இல்லை. விளக்கம் கேட்கிறாள் என்று நினைத்துக் கால் மணி நேரம் விளக்குவார்.

இப்படிப்பட்ட மனிதரின் பட்டறை வாசலில் 1973-ஆம் வருடம் ஒரு பழைய பஸ் வந்து நின்றது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். செங்கல் சூளைகள் எந்நேரமும் புகைந்தன. சூளைக் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நிலைக்கவில்லை. சரி, பள்ளிக்கூடமே அவர்களைத் தேடிப் போகட்டும் என்று ஒரு சேவா சங்கம் அந்த பஸ்ஸை வாங்கியிருந்தது. டீச்சர் சந்திரகலா விவரம் சொன்னாள்.

"முப்பது பிள்ளைங்க உக்காந்து எழுதணும் மேஸ்திரி. திருவள்ளூர்லேர்ந்து அதிகாரி வந்து பார்ப்பாரு. ஒரு பிள்ளைக்கு எழுத எடம் இல்லன்னாலும் கையெழுத்து போடமாட்டாரு. அப்புறம் பஸ்ஸு காயலாங்கடைக்குத்தான் போவும்."

இருபத்திரண்டு பேருக்கு மேல் தேறாது என்று ஏற்கெனவே இரண்டு தச்சர்கள் கையை விரித்திருந்தார்கள். துலுக்காணத்துக்கு அது போதாதா?

"நான் குந்த வச்சிக் காட்றேன் டீச்சரம்மா."

அமாவாசையன்று தச்சர்கள் உளியைத் தொடமாட்டார்கள். உளியைத் தொட்டால்தானே வேலை, அளவு நாடாவைத் தொட்டால் என்ன என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, அன்றைக்கே அவர் சூளைக்குப் போனார். முப்பது பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து, முதுகு உயரம், முழங்கை அகலம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். சூளைக்கும் அமாவாசை விடுமுறைதான். அதனால் தாய்மார்கள் குடிசையிலேயே கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள். இந்த விஷயம் மட்டும் அவர் குறிப்பில் ஏறவில்லை.

இரண்டு மாதத்தில் பஸ் தயாரானது. பெஞ்சின் மூடியைத் தூக்கினால் ஸ்லேட்டுப் பெட்டி. முதுகுப் பலகையை மடித்தால் பின்னால் இருப்பவருக்கு மேசை. டீச்சரின் நாற்காலியைக் கவிழ்த்தால் பஸ்ஸில் ஏறும் படி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரித்தால் கதவு திறக்காது என்பது ஒரு சின்னக் குறை. அதை டீச்சர்தான் கண்டுபிடித்தாள், ஒரு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டு. வேலை வெட்டி இல்லாமல் பஸ்ஸில் மிஞ்சியவை, நின்று வரும் பயணிகள் பிடித்துக்கொள்வதற்காகக் கூரையில் ஓடிய இரண்டு கம்பிகள்தான். திருகாணி துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. தண்டம் என்று திட்டிவிட்டு அவற்றை அப்படியே விட்டார்.

வகுப்பு தொடங்கிய திங்கட்கிழமை, சூளையில் வேலை மும்முரம். முப்பது பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரின் இடுப்பில் ஆளுக்கொரு குழந்தை.

மடியில் குழந்தை இருக்க, மேசை எங்கே விரியும்? ஒரு பலகை ஒரு குழந்தையின் தொந்தியில் முட்டி நின்றது. இன்னொரு குழந்தை பலப்பத்தைப் பாதி தின்றுவிட்டது. கெங்கம்மாள் என்ற ஒன்பது வயதுப் பெண்ணிடம் துலுக்காணம் எரிந்து விழுந்தார்.

"தம்பிய ஊட்ல உட்டுட்டு வா."

"அம்மா சூளையில செங்கல்லு அறுக்குது. இவன யாரு பாத்துக்குவாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் பின்னால் மற்ற ஏழு பேரும் போனார்கள். மிஞ்சியது இருபத்திரண்டு. போட்டித் தச்சர்கள் சொன்ன அதே எண்.

அதிகாரி வர நான்கு நாள் இருந்தது. துலுக்காணம் பலகைகளைக் குறைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். இங்கே ஒரு குழந்தைக்கு இடம் விட்டால் அங்கே ஒரு பிள்ளை எழுந்து நிற்க வேண்டியிருந்தது. புதன்கிழமை பஸ் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கோவிந்தம்மா சாப்பாட்டுத் தூக்கை நீட்டியபோது வாங்கவும் தோன்றவில்லை. எட்டுப் பிள்ளைகளைத் தானே துரத்திவிட்டோம் என்ற வெட்கம் அவரைத் தின்றது.

பஸ்ஸுக்குள்ளே ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அவரைத் தாண்டி எப்போது ஏறினாளோ, கெங்கம்மாள் பெஞ்சின் மேல் ஏறி நின்று, அம்மாவின் பழைய புடவையைக் கூரைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற நீ?"

"தூளி கட்றேன். இந்த பஸ்ஸுல இது ஒண்ணுதான் மடங்காம கீது."

துலுக்காணம் கம்பியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். துருப்பிடித்த திருகாணி அசையவில்லை. அடுத்த கம்பியிலும் தொங்கினார். இறங்கி வந்து கோவிந்தம்மாவிடம், "ஊட்ல பழைய பொடவ எத்தினி கீது?" என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி பரசுராமன் வந்தார். பெருத்த உடம்பு, கணீர்க் குரல். பெஞ்சுகளுக்கு நடுவே தொங்கிய எட்டுத் தூளிகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, "வணக்கம்" என்று ஆரம்பித்தார். ஒரு தூளி நெளிந்தது. முப்பது பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்தார்கள். அதன்பிறகு மொத்தச் சோதனையும் கிசுகிசுப்பாகவே நடந்தது. இரண்டாம் வாய்ப்பாட்டைக்கூட அவர் காதோடுதான் கேட்டார்.

"இது பிளான்ல இல்லியே. யாரு யோசன?" என்று அதே குரலில் கேட்டார்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று துலுக்காணம் இருபது வருடமாகக் காத்திருந்தார். வாயைத் திறந்தவர், கெங்கம்மாளைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுதுங்க சார். நானு அமாவாசையில அளவெடுத்த மடையன்."

அதிகாரிக்குப் பாதி புரியவில்லை. "எங்க, அந்தப் பொண்ணு பேர எழுதட்டும், பாப்போம்" என்றார்.

கெங்கம்மாள் உட்கார்ந்தாள். மேசை தடங்கலில்லாமல் விரிந்தது. வலது கை பலப்பத்தை எடுத்தது. இடது கை தானாக இடுப்புக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லாமல் வழுக்கியது, மடியில் விழுந்தது, மறுபடி எழுந்தது. இப்போது தம்பி, அவனுக்கு முன் தங்கை என்று அந்தக் கை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

துலுக்காணம் அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கையால ஸ்லேட்ட புடிச்சிக்கோம்மா. நகராது."

அவள் பிடித்துக்கொண்டு எழுதினாள். கடைசி எழுத்து முடியும்வரை நின்று பார்த்த அதிகாரி, ஸ்லேட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, அதே மேசையில் தன் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.