இரண்டு வண்டிக்கும் ஒரே இன்ஜின்

சர்தார் பாய் எந்த டீயையும் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பாதி டம்ளரில் அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். டயரில் காற்று பார்க்கவில்லை, ஏர்போர்ட் சவாரிக்காரருக்குப் போன் செய்யவில்லை, பெட்ரோல் பங்கில் கூட்டம் சேர்ந்துவிடும். டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். என் கணவர் தன்யகுமார் மீதி டீயைப் பார்த்து, "பாய் டீ குடிக்க வரல, டீ சூடா இருக்கான்னு பார்த்துட்டுப் போக வந்தார்" என்பார். தை மாதத்தில் மாரடைப்பு வந்து என் கணவர் போய்விட்டார். இப்போது ஆவணி நடக்கிறது. பாய் இன்னும் வருகிறார், இன்னும் பாதியில் எழுந்து போகிறார்.

பாய் பிறந்தது இதே திருவண்ணாமலையில்தான். அவருடைய அப்பா தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். பஞ்சு பாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்குள் போனால் தும்மல். ஒரு இடத்தில் உட்கார்ந்து தைப்பதும் ஒத்துக்கொள்ளவில்லை. லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு ஓட்டக் கற்றார், பிறகு ஒரு டிராவல்ஸில் பல வருஷம் டிரைவராக இருந்தார். அந்த வருஷங்களைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். ஒரு முறை சொன்னார்: "ஓட்டறது ஒண்ணும் கஷ்டம் இல்ல தங்கச்சி. சாயங்காலம் சாவியை எடுத்துக்கினு போய் மொதலாளி ஆணியில மாட்டிட்டு வீட்டுக்கு நடக்கறோம் பாரு, அதான் ஆவல." சொந்த வண்டி வாங்கிய பிறகு அந்தச் சாவி அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை.

அவர் வாங்கியது ஒரு கம்பெனியின் நீளமான கார். அதே வருஷம் என் கணவர் வாங்கியது இன்னொரு கம்பெனியின் உயரமான வண்டி. இரண்டும் டீசல். இருவரும் செங்கம் ரோடு ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று, யார் வண்டி நல்ல வண்டி என்று சண்டை போட்டார்கள். எங்கள் ஜைனக் குடும்பங்களை ஊரில் நைனார் என்று சொல்வார்கள். பாயும் என் கணவரை நைனாரே என்றுதான் கூப்பிடுவார். "நைனாரே, உன் வண்டி வந்தா மாவு மில்லு வருதுன்னு பொம்பளைங்க தூக்கோட வெளிய வராங்க" என்பார். என் கணவர் பதிலுக்கு, பாய் வண்டி மேட்டில் ஏறும்போது முக்குகிற சத்தத்தைச் செய்து காட்டுவார்.

சண்டையை முடித்தவர் அவலூர்பேட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கோதண்டராமன். ஒருநாள் இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் அவரிடம் வந்து நின்றன. இரண்டு பானெட்டையும் தூக்கி, இன்ஜின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றித் தரையில் வைத்தார். மூடியில்தான் கம்பெனிப் பெயர் இருந்தது.

"இப்ப உள்ள பாருங்க. எது யார் வண்டின்னு சொல்லுங்க."

பாய் அங்கும் இங்கும் குனிந்து பார்த்தார். "இன்னாபா இது, ஒரே மாதிரி கீது?"

"மாதிரி இல்ல பாய், அதேதான். ரெண்டு கம்பெனியும் கூட்டு சேர்ந்து ஒரு இன்ஜினைப் பண்ணி, ஆளுக்கொரு மூடி போட்டு விக்கிறாங்க. நீங்க ரெண்டு பேரும் இத்தினி நாளா மூடிக்காக சண்டை போட்டுகினு இருந்தீங்க."

"அப்ப பாய் வண்டியும் நல்ல வண்டின்னு நான் ஒத்துக்கணுமா?" என்றார் என் கணவர்.

"நீ ஒத்துக்கறது பெருசில்ல நைனாரே. மாவு மில்லுன்னு சொன்னதை நான் வாபஸ் வாங்கணும். அதான் கஷ்டமா கீது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து இருவரும் கூட்டு. ஃபில்டர், பெல்ட், ஆயில் எல்லாம் சேர்ந்தே வாங்கினார்கள். ஒரே சாமானை ஒரு கம்பெனி தன் பெட்டியில் போட்டு ஜாஸ்திக்கும் இன்னொரு கம்பெனி கம்மிக்கும் விற்பதைக் கண்டுபிடித்தபோது பாய் ஊரில் இருந்த டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். கல்யாணச் சவாரி வந்தால் இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாகப் போகும். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். ரம்ஜான் மாதத்தில் பாய் பொழுது சாய்ந்த பிறகுதான் சாப்பிடுவார். அதனால் நோன்பு நாட்களில் திண்டிவனம் தாண்டி ஒரு கடையில் நிறுத்துவார்கள். வெயில் மஞ்சளாக இருக்கும்போது என் கணவர் அவசர அவசரமாக இட்லி சாப்பிடுவார். பாய் வெளியே நின்று இரண்டு வண்டியையும் பார்த்துக்கொள்வார். பாங்கு சொன்னதும் ஆள் மாறுவார்கள். "ஒரே கடையில ஒண்ணா போறோம், ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோமா நைனாரே" என்று பாய் கேட்பாராம்.

இன்ஜின் ஒன்றுதான் என்றாலும் எல்லாம் ஒன்றில்லை என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒரு தடவை டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒன்று பாய் வண்டியில் கெட்டுப்போனது. எங்கள் வண்டியில் இருந்ததைக் கழற்றி அதில் போட்டார்கள். மரை மரையாகப் பொருந்தியது. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் வண்டி குளிர் ஜுரம் கண்டது போல உதறிக் கரும்புகை தள்ளியது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு எண் உண்டு, அதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது என்று கோதண்டராமன் விளக்கினார். பாய் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்ஜின்ல சம்பந்தி, கம்ப்யூட்டர்ல பங்காளி."

புகை விதிமுறை மாறியபோது இரண்டு கம்பெனிகளும் அந்த டீசல் இன்ஜினைச் செய்வதை நிறுத்திவிட்டன. சாமான்கள் குறைந்தன. இவர்கள் கவலைப்படவில்லை. இரண்டு வண்டி இருக்கிறதே என்ற தைரியம்.

என் கணவர் போன பிறகு வண்டி எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. நான் பள்ளிக்கூட வேலைக்குப் பஸ்ஸில் போகிறவள், ஓட்டத் தெரியாது. புரோக்கர்கள் வந்து கேட்டார்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாய் வந்து, பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று அதை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவார். நான் சமையலறையில் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். அந்தச் சத்தம் கேட்டால் என் கணவர் தெருமுனை திரும்பிவிட்டார் என்று அர்த்தம். பதினெட்டு வருஷக் குடித்தனத்தின் பழக்கங்களில் இதுவும் ஒன்று.

ஆடியில் இரண்டு ஞாயிறு பாய் வரவில்லை. போன் செய்தால் சவாரி என்றார். சவாரிக்குப் போன வண்டியின் சத்தமே போனில் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போனேன். பாயின் கார் பானெட் திறந்து ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஆட்களோடு போகும்போது டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது என்றார் கோதண்டராமன். இன்ஜினின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தாளம் தப்பாமல் சுற்ற வைக்கிற பட்டை அது. பழசானால் சத்தம் காட்டாது, ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று மோதி நொறுங்கும்.

"வேற இன்ஜின் கெடைக்காதா?"

"புதுப்பேட்டை, வேலூர், கிருஷ்ணகிரி எல்லாம் அலைஞ்சிட்டார் டீச்சர். கெடைக்கிறது எல்லாம் வெந்த இன்ஜின். நல்லா ஓடற இன்ஜின் இந்த ஊர்ல ஒண்ணுதான் கீது. எங்க கீதுன்னு உங்களுக்கே தெரியும். நான் வாயெடுத்தேன், பாய் ஸ்பேனரைத் தூக்கிட்டார்."

"கேட்டா குடுக்க மாட்டேன்னு நெனச்சாரா?"

"கேட்டா நீங்க குடுத்துடுவீங்கன்னுதான் கேக்கல." கோதண்டராமன் கையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் பழைய டிராவல்ஸுக்கே டிரைவரா போறார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்தேன். கொட்டகைக்குப் போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன். கொடுத்துவிடலாம் என்று எளிதாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் இருக்காது. கொடுக்காவிட்டால் பாய் மறுபடியும் அந்த முதலாளி ஆணிக்குப் போவார். அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ பதில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டிக் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"பெல்ட்டை ஏண்ணே மாத்தல?" என்று கேட்டேன்.

அவர் கோதண்டராமனை மெதுவாகத் திட்டினார். பிறகு, "மறந்துட்டேன் தங்கச்சி" என்றார்.

"நீங்க வண்டியை மறக்கற ஆளு இல்ல."

டயரை உதைத்துப் பார்த்தார். கண்ணாடியை விரலால் துடைத்தார். "எப்பவும் ஜோடியா வாங்கி ஒரே நாள்லதான் மாத்துவோம். இந்த வருஷம் கெடு வந்துச்சி. கடைக்குப் போனேன். கடைக்காரன் பழக்கத்துல ரெண்டு எடுத்து மேல வச்சிட்டான். ஒண்ணு போதும்னு சொல்ல வாய் வரல. கூட்டமா கீது, அப்புறம் வரேன்னு வந்துட்டேன்." கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். "கடையில நான் ஒருத்தன்தான் நின்னுகினு இருந்தேன்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் நான் சொன்னது கோபமாகச் சொன்னது போல் ஆகிவிட்டது. "இதை எடுத்துக்குங்க."

"ஓடற வண்டியை சாவடிக்கச் சொல்றியா? நல்ல ஆளாப் பார்த்து வித்துடு. ரோட்டுல ஓடட்டும்."

"அப்ப நீங்களே வண்டியோட எடுத்து ஓட்டுங்க."

"அந்த சீட்டுல நான் உக்கார மாட்டேன்." உடனே சொன்னார். யோசித்து வைத்திருந்த பதில்தான் அது.

"சீட்டு அவரோடது. சரி. இன்ஜினுக்கு ஒரு ஃபில்டர் வாங்கினாக்கூட 'நம்ம இன்ஜினுக்கு வாங்கினோம்'னுதான் வீட்ல வந்து சொல்லுவார். என் இன்ஜின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அப்புறம் நான் எப்படி இதை எனக்குன்னு வச்சிக்கறது?"

பாய் கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தார். "எடுத்துட்டா வெறும் தகரம் தங்கச்சி" என்றார். "தெரியும்" என்றேன். "நசீமா என்னைத் திட்டுவா" என்றார், மனைவியை இழுத்து. திட்ட மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

கோதண்டராமன் வந்து கொட்டகை விட்டத்தில் சங்கிலி மாட்டி இன்ஜினைத் தூக்கினார். எடை விலகியதும் வண்டியின் முன்பக்கம் தானாக எழும்பி நின்றது, யாரோ கூப்பிட்டு நிமிர்ந்தது போல. நான் அதை எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டேன். பாய் புது பெல்ட்டோடு இன்ஜின் பின்னாலேயே ஓடினார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், அவர் வண்டியின் புத்தகத்தில் எங்கள் இன்ஜின் எண்ணை ஏற்ற என் கையெழுத்து வேண்டியிருந்தது. போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை வாசலில் ஹாரன் கேட்டது. பாய் காரில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் ஆசிரமத்து வெள்ளைக்காரப் பெண்மணி, மடியில் பெட்டியோடு. ஏர்போர்ட் சவாரி. அவர் இறங்கவில்லை, இன்ஜினை அணைக்கவும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் கவனித்துக் கேட்டேன். கம்ப்யூட்டர் பாயுடையது, இன்ஜெக்டர்கள் பாயுடையவை, சைலன்சர் பாயுடையது. அந்த இன்ஜின் அந்த வண்டியில் பாய் வண்டியின் சத்தத்தைத்தான் போட்டது. தெருமுனையில் கேட்டிருந்தால் நான் எழுந்திருக்கக்கூட மாட்டேன்.

"கேக்குதா தங்கச்சி? நைனார் சத்தம் அப்படியே கீது பாரு."

அவர் கண்ணில் தூக்கமின்மையும் சந்தோஷமும் இருந்தன.

"கேக்குது அண்ணே" என்றேன். "லேட்டாவுது, கெளம்புங்க."

அவர் கியரைப் போட்டார். செங்கம் ரோடு முனையில் ஒரு பஸ்ஸும் இரண்டு ஆட்டோவும் குறுக்கே வந்தன. அதற்குப் பிறகு எது அவர் வண்டி என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன்.